ஏற்றத்தில் நிற்கும் வண்டி

அத்தியாயம் பதினான்கு

கறுப்பி மறுபடியும் நின்றுவிட்டாள்.

ஸ்டோர் மேட்டில் முக்கால்வாசி ஏறி, இரண்டு தடவை செருமி, ஒரு தடவை உடம்பைக் குலுக்கி, அப்படியே உட்கார்ந்துகொண்டாள். இராஜமாணிக்கம் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். மணி ஏழரைதான். அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கறுப்பியைப் போன வாரமே பார்த்தோம். பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே செய்த சின்ன இங்கிலீஷ் கார் அது. மாற்றலாகிப் போன தோட்டத்துக் கணக்கர் ஜார்ஜ் கிராணி மலிவாகத் தள்ளிவிட்டுப் போனார். தெலாகா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் இஞ்சின் ஓட்டும் இராஜமாணிக்கம் கார் வாங்கிவிட்டான் என்றதும் தொழிலாளர் லயத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் சிரிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் சொகுசுக்கு வாங்கவில்லை. போன வருஷம் அவன் மனைவி மயிலம்மாளுக்கு ஊரடங்கு நேரத்தில் வலி கண்டது. தோட்டத்து முள்வேலிக் கேட்டைத் திறக்க உத்தரவு வாங்கி, வண்டி தேடி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பிள்ளை இல்லை. இப்போது அவளுக்கு மறுபடியும் ஒன்பதாவது மாதம். முந்தாநாள் எஸ்டேட் மருந்தகத்து டிரஸ்ஸர் அந்தோனி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வருவதற்கு முன்பே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்று சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆறரைக்கு கேட்டைத் தாண்டப் போலீஸ் சீட்டும் வாங்கியாகிவிட்டது.

சிரம்பானுக்குப் போகக் கோலா கிளாவாங்கைத் தாண்டி புக்கிட் தங்கா மலையை ஏறி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் காடு. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள். ஐம்பத்திரண்டாம் வருஷத்தில் அந்த மலையில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பஸ்காரர்கள் இந்த வாரம் வண்டி எடுக்க மறுத்துவிட்டார்கள். தோட்டத்து லோரி எரிந்து இரண்டு மாதம் ஆயிற்று. துரையின் ஜீப்பு துரைக்கு மட்டும். ஆகக் கறுப்பிதான் கதி. அந்தக் கறுப்பி ஏற்றம் என்றால் உட்கார்ந்துவிடுகிறாள்.

"இஞ்சின் செத்துப்போச்சுண்ணே."

பின்னாலேயே நடந்து வந்த தம்பி வீரமுத்து சொன்னான். பால்வெட்டுக்காரன். விடியற்காலை மழையில் ரப்பர் மரம் நனைந்து, இன்று யாருக்கும் பால்வெட்டு இல்லை. பால் இல்லாததால் ஸ்டோரில் இஞ்சினும் ஓடவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் நாள் முழுக்க இந்தக் கார்தான் வேலை.

"ஹெட்டக் கழட்டிருவோம்ணே. வால்வு போயிருக்கும்."

"கழட்டுனா நாளைக் காலைக்குள்ள மாட்ட முடியுமாடா?"

"முடியாட்டிப் போவுது. தொரைகிட்டப் போயி அழுது ஜீப்பு கேப்போம்லா."

அவன் கையில் ஸ்பானர் ஏற்கெனவே இருந்தது. நேற்றிலிருந்து வீரமுத்து ஒரே பாட்டுதான் பாடுகிறான், கழட்டு, கழட்டு என்று. இராஜமாணிக்கத்துக்கும் கை துறுதுறுத்தது. சும்மா நின்று யோசிப்பதைவிட எதையாவது பிரித்துப் போட்டால் மனசு கொஞ்சம் ஆறும். ஏற்கெனவே பிளக்கை மாற்றியிருந்தான். கார்பரேட்டரைக் கழுவியிருந்தான். பாயின்ட்டைத் தேய்த்திருந்தான். ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பியது, ஒவ்வொரு தடவையும் அதுதான் கோளாறு என்று நம்பினான். அடுத்த மேட்டில் அவள் உட்கார்ந்தாள்.

மயிலம்மாள் காப்பித் தூக்கோடு மேட்டில் ஏறி வந்தாள். ஒரு கை இடுப்பில். மூச்சு வாங்கியது.

"ஒன்ன யாரு ஏறி வரச் சொன்னா?"

"ஒங்க கார்தான் ஏறல, நானாச்சும் ஏறலாமேன்னு வந்தேன்." அவள் காரின் பக்கவாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். "இப்ப எதக் கழட்டப் போறீங்க?"

"ஹெட்டு."

"அங்கதான் சீக்குன்னு யாரு சொன்னா?"

அவன் தம்பியிடம் ஸ்பானருக்குக் கை நீட்டினான்.

"அந்தோனி டிரஸ்ஸர் எம்மேல கை வைக்கறதுக்கு முந்தி எத்தன கேள்வி கேட்டாரு தெரியுமா? எப்பலேர்ந்து, எந்தப் பக்கம், படுத்தா எப்புடி, நடந்தா எப்புடின்னு. நீங்க இவள ஒரு வார்த்த கேக்கல. நேரா ஸ்பானர்தான்."

"கார்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

"அது நின்ன எடத்தயெல்லாம் சொல்லுங்க."

இராஜமாணிக்கம் எரிச்சலோடுதான் சொல்ல ஆரம்பித்தான். முதல் தடவை சிம்பாங் பெர்த்தாங் பக்கத்து மேட்டில். அப்புறம் கோலா கிளாவாங் வெளியில், ஏற்றத்தில். அப்புறம் இந்த ஸ்டோர் மேட்டில் நாலு தடவை.

"எறக்கத்துல?"

"இல்ல."

"சமதரையில?"

அவன் யோசித்தான். இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

"நின்னப்பறம் எப்புடிக் கெளம்புது?"

"பத்து நிமிசம் கழிச்சுத் தானாக் கெளம்பும்." சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. தானாகத்தான் கிளம்பியிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் எதைத் துடைத்தானோ அதுவே கோளாறு என்று ஏமாந்திருக்கிறான். பிளக்குக்கும் கார்பரேட்டருக்கும் இதில் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

"எப்பலேர்ந்து?"

"ஒங்க அம்மாவ கோலாபிலாவுலேர்ந்து கூட்டியாந்தேன்ல, அன்னைலேர்ந்து. மூணு வாரம். போன ஞாயித்துக்கெழமைலேர்ந்து ரொம்ப மோசம்."

வீரமுத்துவின் கையிலிருந்த ஸ்பானர் மட்காட்டில் பட்டு ஓசையிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காரை இரவல் வாங்கிக் கோலா கிளாவாங் போனவன் அவன்தான்.

"நா மண்ணெண்ண வாங்கத்தாண்ணே போனேன்."

"ஒன்ன யாருடா சொன்னா?" என்றான் இராஜமாணிக்கம். அவன் மனசு அங்கே இல்லை. பானட்டுக்குள் குனிந்திருந்தான்.

டின்பால் டப்பா அளவில் ஒரு பம்பு அங்கே இருக்கிறது. பின்னால் இருக்கும் பெட்ரோல் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து இஞ்சினுக்குக் கொடுப்பது அதுதான். இழுக்கும்போது டிக் டிக் என்று அடிக்கும். இராஜமாணிக்கம் வண்டியைக் கிளப்பி, அதே ஏற்றத்தில் நிறுத்தி வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, பம்பின் மேல் காதை வைத்தான். ஸ்டோரில் பத்து வருஷமாக இஞ்சினோடு கிடக்கிற காது அது. முதலில் டிக் டிக் என்று சீராக அடித்தது. மூன்று நிமிஷம் போனதும் இழுத்து இழுத்து அடித்தது. பிறகு ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் அவன் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. பம்பு ஓய்ந்தது. கறுப்பி செருமினாள், குலுங்கினாள், அணைந்தாள்.

கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தான். காய்ந்து கிடந்தது.

"பட்டினி" என்றான். "இஞ்சினுக்குச் சீக்கே இல்ல மயிலு. சாப்பாடு வரல."

"பம்பு கெட்டுப்போச்சோ?"

"அதையும் கேட்டுப் பாத்துருவோம்."

கேட்டுப் பார்ப்பது என்ற வார்த்தை இப்போது அவன் வாயிலேயே வந்துவிட்டது. பம்புக்கு வரும் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினான். பெட்ரோல் வந்தது. துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினான், வந்தது. மூன்றாவது தடவை பாதியில் சட்டென்று நின்று, அவன் நாக்கையே குழாய் பிடித்து இழுத்தது. மயிலம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"பின்னால போயி டேங்கு மேல காது வையி. நா ஊதறேன்."

ஊதினான்.

"கொப்புளம் கொப்புளமாச் சத்தம் கேக்குதுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்படியானால் குழாயில் அடைப்பு இல்லை. ஊதினால் வழி விடுகிறது. உறிஞ்சினால் வந்து மூடுகிறது. தொட்டியின் பின்பக்க அடியிலிருந்துதான் குழாய் கிளம்புகிறது. வண்டி ஏறும்போது தொட்டிக்குள் இருப்பதெல்லாம் பின்னால் சரியும். பம்பு ஓய்ந்து பத்து நிமிஷம் ஆனால் பிடி விட்டு விலகும்.

"டேங்குக்குள்ள என்னமோ கெடக்கு" என்றான் இராஜமாணிக்கம். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு தெம்பு வந்தது. வாரக்கணக்காக ஜார்ஜ் கிராணியைத் திட்டித் தீர்த்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"டேங்கத் தொடாதண்ணே." வீரமுத்துவின் குரல் கம்மியிருந்தது. "துருப் புடிச்ச டேங்கு. கைய வச்சா ஒடஞ்சிரும். ஹெட்டுதாண்ணே. நாஞ் சொல்றதக் கேளு."

"காஞ்ச கிண்ணத்தக் கண்ணால பாத்தில்ல? அப்பறம் என்னாத்துக்கு ஹெட்டு ஹெட்டுங்கற?"

வீரமுத்து அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியின் வயிற்றைப் பார்த்தான். ஸ்பானரைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு மேட்டில் இறங்கிப் போய்விட்டான். மழை பெய்த நாளில் பால்வெட்டுக்காரனுக்கு என்ன வேலை என்று மயிலம்மாள் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை.

கறுப்பியை இறக்கத்தில் உருட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்து, லயத்துக்குப் பின்னால் முள்வேலியோரம் நிறுத்தினார்கள். தொட்டியின் திருகாணிகள் எல்லாம் துரு ஏறி இறுகிக் கிடந்தன. மணிக்கணக்காக எண்ணெய் விட்டுத் தட்டிப் பார்த்தான். ஒன்றுகூட அசையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை. வாய் வழியாகத்தான் துழாவ வேண்டும் என்று முடிவுக்கு வந்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் ஊரடங்கு. அதற்கு முன்பு சரிசெய்து, ஸ்டோர் மேட்டில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தால்தான் நாளைக்கு நம்பிப் போகலாம்.

தொட்டியின் மூடியைத் திறந்தான். நான்கு விரல் நுழையும் வாய். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவன் வழக்கமாக விடும் குச்சி ஒன்று உண்டு. அதை உள்ளே விட்டான். தகரத்தில் இடிக்க வேண்டிய குச்சி மெத்தென்று எதிலோ நின்றது. கொஞ்சம் தள்ளி விட்டான், தகரத்தில் இடித்தது. மறுபடி தள்ளினான், மெத்தென்றது.

"மயிலு, இங்க வா. இந்தக் குச்சியப் புடிச்சுப் பாரு."

சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

அங்கே நின்றுகொண்டிருந்தவள் செல்லம்மா, மயிலம்மாளின் தாய். கெமாஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மகளின் பேறுகாலத்துக்கு வந்தவள். மூன்று வாரமாக ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் மருமகன் முன்னால் அவள் வந்து நின்றதில்லை. அவர்கள் பக்கத்து வழக்கம் அது. மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். சோறு வேண்டுமா என்று கேட்பதானாலும் மகளிடம் சொல்லி, மகள் அவனிடம் சொல்ல வேண்டும். மகள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். இராஜமாணிக்கமும் அந்த மரியாதையை மீறியதில்லை. மாமியார் வரும் காலடி கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

இப்போது செல்லம்மா கதவைத் தாண்டி வந்தாள். முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்கு அருகில் வந்து நின்றாள்.

"மாப்ள" என்றாள்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் அவனை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் குச்சியோடு எழுந்து நின்றான்.

"எங்கிட்டச் சொல்லும்மா, நாஞ் சொல்லிக்கறேன்" என்றாள் மயிலம்மாள்.

"வேணாம்டி. இத நாந்தான் சொல்லணும்." செல்லம்மாவின் கண் அவனுடைய காலில் நின்றது. "கோலாபிலாவுலேர்ந்து வர்றப்ப ரோட்டுல சோதனைன்னு எறக்கி விட்டாங்கல்ல. நீங்க மூடியத் தொறந்து இந்தக் குச்சிய விட்டுப் பாத்துக்கிட்டிருந்தீங்க. போலீஸ்காரன் கூப்புட்டதும் அப்புடியே போட்டுட்டுப் போயிட்டீங்க."

"ஆமா."

"எம் மடியில ஒரு புடி பச்சரிசி இருந்துச்சு. எங்க வீட்டு அரிசி."

இராஜமாணிக்கம் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தான். தோட்டத்தைவிட்டு ஒரு பிடி அரிசி வெளியே கொண்டுபோனாலும் காட்டுக்காரர்களுக்குச் சோறு போடுகிறவர்கள் என்று ஜெயிலில் போடும் காலம் அது.

"போன தடவ என்னால வர முடியல. வளகாப்புல அவ மடி நெறைக்கறப்ப பொறந்த வீட்டு அரிசி விழல. அதான் அந்தப் புள்ள தங்கலன்னு எனக்கு மனசுல ஒரு இது. இந்தத் தடவ கொண்டாரணும்னு செவப்புத் துணியில முடிஞ்சு எடுத்தாந்தேன். சோதனைக்காரி வரிசையா ஒவ்வொருத்தி மடியாத் தடவிக்கிட்டு வந்தா. கைக்கு எட்டுனது அந்த ஓட்டதான். போட்டுட்டேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றாள் மயிலம்மாள்.

"மடி அரிசி எண்ணெயில விழுந்துருச்சுன்னு வயித்துப் புள்ளக்காரிகிட்ட எந்த வாயால சொல்லுவேன்? மாப்ளகிட்டச் சொல்லலாம்னா..." அவள் கையை விரித்தாள். "எப்புடிப் பேசறது? ஊறிக் கரஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன் மாப்ள. கார் நிக்கறதுக்கு நாந்தான் காரணம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

இராஜமாணிக்கத்துக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. மூன்று வாரமாக இந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று, தன் மகளைச் சுமக்கப்போகும் வண்டி நின்று நின்று கிளம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பேசாததும் தான் கேட்காததும் மரியாதை என்ற பெயரில் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவனுக்குப் பட்டது.

"போவுது அத்த. துணி முடிச்சுதான? இந்தா, எடுத்துருவோம்லா" என்றான். அவனும் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பழைய பால்வாளியின் கைப்பிடிக் கம்பியை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்தான். ஸ்டோரிலிருந்து நீளமூக்குக் குறடு ஒன்றும் கொண்டுவந்திருந்தான். மயிலம்மாள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிடி அரிசி ஒரு காரையே நிறுத்திவிட்டதே, அரிசிக்காரியின் பேரன் என்ன பாடு படுத்தப்போகிறானோ என்று தாயைக் கேலி செய்தாள். செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கொக்கி உள்ளே போய்த் துழாவியது. வழுக்கியது. மறுபடி மாட்டியது. கனமாக இருந்தது. வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. குறட்டை விட்டுப் பிடித்து, திருகித் திருகி இழுத்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பிதுங்கிக்கொண்டு, பெட்ரோல் சொட்டச் சொட்ட அது வெளியே வந்து விழுந்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

கறுப்பாக இருந்தது. சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையையும் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பொட்டலம். பெட்ரோலில் கிடந்து கிடந்து ரப்பர் ஊதி, இரண்டு மடங்காகப் பருத்து, பிசுபிசுத்தது. ஒரு முனையில் அறுந்த தூண்டில் நரம்பு தொங்கியது. இராஜமாணிக்கம் அதை அசைத்தான். உள்ளே கண்ணாடிப் புட்டிகள் ஒன்றோடொன்று உரசின.

"இது என்னுது இல்ல மாப்ள" என்றாள் செல்லம்மா.

வேலிக்கு அப்பால் பூட்ஸ் சத்தம் கேட்டது. துப்பாக்கியோடு வேலியைச் சுற்றிவரும் மலாய்க் காவலர். தினமும் பார்க்கிற மனிதர்தான், நல்லவர்தான், ஆனால் இன்று அவர் கண்ணில் இது படக்கூடாது. இராஜமாணிக்கம் உறைந்துபோய் நின்றான். செல்லம்மா குனிந்தாள், எடுத்தாள், தன் மடியில் போட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். பெட்ரோல் அவள் சேலையில் திட்டாகப் பரவியது.

கார் சரியாயிற்றா என்று காவலர் மலாயில் கேட்டார்.

"பெலும், என்சே" என்றான் இராஜமாணிக்கம். இன்னும் இல்லை, ஐயா என்று. அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

பூட்ஸ் சத்தம் தேய்ந்த பிறகுதான் வீரமுத்து அங்கே நிற்பதைப் பார்த்தார்கள். குளியலறைச் சுவரோரம், எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

ஹெட்டு, ஹெட்டு என்று அவன் நேற்றிலிருந்து படித்த பாட்டு, டேங்கைத் தொடாதே என்ற கம்மிய குரல், போன ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் ஒரே நொடியில் இராஜமாணிக்கத்தின் தலைக்குள் சேர்ந்து நின்றன.

"ரப்பர் காட்டுலயே பொறந்து வளந்தவன்" என்றான் மெதுவாக. "பெட்ரோல்ல ரப்பரப் போட்டா ஊதும்னு ஒனக்குத் தெரியாதாடா?"

"அவசரத்துல தோணலண்ணே." வீரமுத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "ஊசி மருந்துண்ணே. கோலா கிளாவாங்குல ஒரு ஆளு குடுத்தான். ரப்பர் வெட்டுக்காட்டுல காட்டுக்காரங்க வந்து கேட்டாங்க. மாட்டேன்னா, ஒங்க அண்ணன் பொண்டாட்டி புள்ளத்தாச்சிதான, பாத்து இருன்னாங்க. கேட்டத் தாண்டறதுக்கு டேங்குக்குள்ள விட்டேன். வீட்டுக்கு வந்து இழுத்தா வரல. நரம்பு அறுந்துபோச்சு."

"இது புடிபட்டா ஒனக்குத் தூக்குடா. இல்லாட்டி நம்ம எல்லாத்தயும் சேத்து இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்திருவான்."

"தெரியும்ணே."

"அதுக்கு, காரப் பிரிச்சுப் போட்டு அவ போறதயே கெடுக்கப் பாத்தியா?" இராஜமாணிக்கத்தின் கை ஓங்கிவிட்டது. "போன வருசம் பாத்தில்ல? அந்தப் புள்ளய மண்ணுல வச்சது நீயும் நானுந்தான?"

"போகக் கூடாதுன்னுதாண்ணே பிரிக்கச் சொன்னேன்." வீரமுத்து அழுதான். "அவங்க தேடறது காரத்தான், ஜீப்ப இல்ல. கார்ல போகக் கூடாது."

"ஏன்?"

"மருந்த எடுக்க முடியல, கார் டேங்குல சிக்கிக்கிச்சுன்னு நேத்து வெட்டுக்காட்டுல சொன்னேன். காரு எப்ப வெளிய போவுதுன்னு கேட்டாங்க. பயத்துல சொல்லிட்டேன். அப்ப காரோட கொண்டா, புக்கிட் தங்காவுல பதினோராம் மைல் கட்டையில நிறுத்து, நாங்க எடுத்துக்கறோம்னாங்க. நிக்காமப் போனா சுட்டு நிறுத்துவோம்னாங்க."

அடுத்த லயத்தில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"இப்பதான் வெளிய வந்துருச்சே" என்றாள் செல்லம்மா, மடியைத் தொட்டுக்கொண்டு. "இதக் கொண்டுபோயிக் குடுத்துத் தொலைக்க வேண்டியதுதான?"

"எப்புடி அத்த?" என்றான் வீரமுத்து. "இன்னிக்கு மழ. வெட்டுக்காட்டுக்கு ஒருத்தரும் போகல. கேட்டு மூடப்போறான். நாளைக்கு விடியறதுக்குள்ள அவங்க மலைமேல வந்து ஒக்காந்திருப்பாங்க."

இராஜமாணிக்கம் காரைப் பார்த்தான். நாள் முழுக்க இவள் ஏன் நிற்கிறாள், ஏன் நிற்கிறாள் என்று கேட்டு, பெட்ரோலைக் குடித்து, கையைக் கிழித்துக்கொண்டு, பதிலைக் கண்டுபிடித்தாயிற்று. கொக்கிக்கம்பி இன்னும் கையில் இருந்தது. சிவப்பு முடிச்சு இன்னும் தொட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துவிட்டால் கறுப்பி எந்த மலையிலும் நிற்காமல் ஏறுவாள். நிற்காமல் ஏறினால்தான் சுடுவார்கள்.

மயிலம்மாள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றொரு கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அழவில்லை. அவள் கேட்ட கேள்விகளில்தான் காலையில் வழி பிறந்தது. இப்போதும் அவள்தான் கேட்டாள்.

"அப்ப, அம்மாவோட முடிச்ச எடுக்கணுமா, வேணாமாங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆறு மணிச் சங்கு ஊதியது.